போர்ட்டோவில் மூன்று நாள்: மேட்டிலிருந்து கீழே இறங்கும் பயணத் திட்டம்

"ஆற்றங்கரையிலிருந்து இரண்டே நிமிடம்" என்று விடுதிக்காரர் எழுதியிருந்தார். பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடமும் படிக்கட்டு என்பதை மட்டும் எழுதவில்லை. இரவு பத்து மணி, மழைத் தூறல், ஈரக் கருங்கல் படிகள், என் கையில் இருபது கிலோ பெட்டி, பக்கத்தில் முழங்கால் வலிக்காரியான அம்மா. டாக்சி அந்தச் சந்துக்குள் வராது. போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ என்கிற ஊரை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியது அந்தப் படிகள்தான்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது கீழே டோரு ஆறு, எதிரே காயா கரை, நடுவில் இரும்புப் பாலம். கோபமெல்லாம் போய்விட்டது, முழங்கால் வலி போகவில்லை. அடுத்த முறை போனபோது ஒரே ஒரு விதியை வைத்துத் திட்டம் போட்டேன்: இந்த ஊரில் தூரத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது, உயரத்தைப் பார்க்க வேண்டும். காலையில் மேட்டில் தொடங்கி நடந்தே இறங்க வேண்டும். ஏறுவதை மெட்ரோவுக்கும், சரிவில் கம்பியால் இழுக்கும் இழுவை ரயிலுக்கும், கம்பியில் தொங்கிப் போகும் கம்பி வண்டிக்கும் விட்டுவிட வேண்டும். கீழே இருப்பது அந்த இரண்டாவது பயணத்தின் திட்டம்.

ஊரை முதலில் தலைக்குள் வரைந்துகொள்ளுங்கள்

டோரு ஆறு கிழக்கிலிருந்து வந்து அட்லாண்டிக்கில் விழுகிறது. வடகரையில் போர்ட்டோ, தென்கரையில் விலா நோவா டி காயா. சட்டப்படி இரண்டும் தனித்தனி நகரங்கள். வடகரையில் இரண்டு குன்றுகள். கிழக்குக் குன்றில் பேராலயமும் பதால்யா சதுக்கமும். மேற்குக் குன்றில் கிளெரிகோஸ் கோபுரம். இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு காலத்தில் ஓடை ஓடியது. அதை மூடி மேலே தெரு போட்டுவிட்டார்கள். இன்றைய மொசின்யோ டா சில்வெய்ரா தெரு அதுதான். பள்ளத்தின் மேல்முனையில் சாவ் பென்டோ ரயில் நிலையம், கீழ்முனைக்கு அருகில் ரிபெய்ரா என்னும் பழைய துறைமுகக் கரை. இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

இவ்வளவு பழைய துறைமுகம் இடிபடாமல் எப்படித் தப்பியது என்று கேட்கத் தோன்றும். காரணம் மணல். டோரு கடலில் கலக்கும் இடத்தில் மணல்திட்டு சேர்ந்துகொண்டே இருக்கும், கப்பல்கள் அதில் மாட்டி உடையும். தாங்க முடியாமல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே லெய்ஷோய்ஸ் என்ற இடத்தில் கடலுக்குள் சுவர் கட்டிப் புதுத் துறைமுகம் அமைத்தார்கள். பெரிய கப்பல்கள் அங்கே போயின, கிரேன்களும் கிடங்குகளும் அங்கேயே போயின. ஆற்றங்கரை ஏழ்மையோடு அப்படியே நின்றுவிட்டது. 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அந்தக் கரையைத்தான்.

எப்போது போவது, எத்தனை நாள்

மே, ஜூன், செப்டம்பர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அட்லாண்டிக் மழை விடாது. குளிர் அதிகமில்லை, ஆனால் கருங்கல் தெருக்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கோடையிலும் மாலையில் கடல்காற்று வீசும், ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை பெட்டியில் இருக்கட்டும்.

கூட்டம் பிடிக்கும் என்றால் ஜூன் 23 இரவு, சாவ் ஜுவாவ் திருவிழா. ஊரே தெருவில் நின்று, முன்பின் தெரியாதவர் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டும். மேயரானாலும் தப்ப முடியாது. தெருவெங்கும் மத்தி மீன் சுடும் புகை, நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. அன்று கடைதோறும் சிறு தொட்டிகளில் மஞ்செரிகோ என்று ஒரு செடி விற்பார்கள். மூக்கை வைத்து முகரக் கூடாது, செடி வாடிவிடும் என்பார்கள். உள்ளங்கையால் தடவிக் கையை முகர வேண்டும். முகர்ந்தவுடன் எனக்கு வந்தது எங்கள் வீட்டுக் கொல்லை வாசனை. அது நம் திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய சொந்தம். ஆனால் அந்த வாரத்துக்கு அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும்.

மூன்று இரவு போதும். லிஸ்பனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது பலர் செய்யும் காரியம்தான், நான் பரிந்துரைக்க மாட்டேன். ரயிலில் ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். போய் இறங்கி, பாலத்தில் ஒரு படம் எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்கா அவ்வளவு செலவு?

விசா, வந்து சேர்தல்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் கடினம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குப் போவதென்றால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பம். பாரிஸ், சூரிச் பக்கம் வசிப்பு அனுமதியோடு இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கிருந்து நேரடி விமானங்களும் உண்டு. நம் ஊரிலிருந்து வருபவர்கள் எங்காவது ஒருமுறை மாறித்தான் ஆக வேண்டும்.

விமான நிலையத்துக்கு உள்ளேயே மெட்ரோ வந்து நிற்கும். ஊதா நிறப் பாதை, நகர மையத்திலுள்ள ட்ரிண்டாடேக்கு அரை மணி. அங்கே மஞ்சள் பாதைக்கு மாறினால் அலியாடோஸ், சாவ் பென்டோ, பிறகு பாலத்தைத் தாண்டி ஜார்டிம் டோ மொர்ரோ. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள், மூன்று நாளும் உதவும்.

டிக்கெட்டுக்கு ஆண்டான்டே என்ற அட்டை. ஆளுக்கு ஓர் அட்டை, குடும்பத்துக்கு ஒன்று என்பது நடக்காது. பணம் மண்டலக் கணக்கில் ஏறும்: விமான நிலையத்துக்கு நான்கு மண்டலம், ஊருக்குள் சுற்ற இரண்டு. நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. ஏறுமுன் அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும், வண்டி மாறும்போதும் மறுபடி காட்ட வேண்டும். கதவில்லை, கேட்பாரில்லை என்று நினைத்தால் பரிசோதகர் வந்து நிற்பார். காட்ட மறந்தேன் என்பது அவரிடம் எடுபடாது.

லிஸ்பனிலிருந்து ரயிலில் வந்தால் கம்பன்யா நிலையத்தில் இறங்கி, அதே டிக்கெட்டில் உள்ளூர் ரயில் பிடித்து சாவ் பென்டோ வரலாம், ஐந்தே நிமிடம். அப்படியே வாருங்கள். ஊருக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் கிடையாது.

எங்கே தங்குவது

இந்த ஒரு முடிவில்தான் மூன்று நாளும் அடங்கியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரிபெய்ராவில் தங்கினால் காட்சி அள்ளும். ஆனால் தினமும் காலையில் முதல் வேலை மலையேற்றம், இரவு பன்னிரண்டு வரை கீழே இசையும் கூச்சலும். அலியாடோஸ், பொல்யாவ் சுற்றுவட்டாரம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிறது: மெட்ரோ அருகில், சாப்பாட்டுக் கடைகள் நிறைய, பெட்டியை உருட்டிக்கொண்டு வரலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு என் வாக்கு இதற்குத்தான். பதால்யா சதுக்கம் இன்னும் உயரம், இழுவை ரயிலின் மேல்நிலையத்துக்குப் பக்கம். சற்று மலிவாக வேண்டுமென்றால் காயா பக்கம் ஜார்டிம் டோ மொர்ரோ நிலையத்தை ஒட்டிப் பாருங்கள். பாலம் தாண்டினால் போர்ட்டோ. அதே காயாவில் கீழே படகுத்துறை ஓரம் எடுத்தால் மறுபடி ஏற்றம்தான்.

முன்பதிவு செய்யுமுன் விடுதிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். டாக்சி வாசல் வரை வருமா? லிஃப்ட் இருக்கிறதா? தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி? மூன்றாவது கேள்விக்கு "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் எண்ணிக்கையைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. வரைபடத்தில் தெருப்பெயர் 'எஸ்காடாஸ்' என்று தொடங்கினால் அது தெருவே இல்லை, படிக்கட்டு. அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்குச் சில யூரோ நகராட்சி வரியும் வாங்குவார்கள். அது ஏமாற்று இல்லை.

முன்பே பதிவு செய்ய வேண்டியவை

அதிகமில்லை. போர்ட் ஒயின் என்னும் மதுவைப் பக்குவப்படுத்தும் நிலவறை ஒன்று, வணிகர் சங்கத்தின் பொல்சா மாளிகையில் வழிகாட்டியுடன் சுற்றிவர ஒரு நேரம், ஆசையிருந்தால் லெல்லோ புத்தகக் கடை. ஞாயிற்றுக்கிழமை பொல்யாவ் சந்தை மூடியிருக்கும், திங்களன்று அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். வெள்ளி மதியம் வந்து திங்கள் காலை கிளம்புகிறீர்கள் என்றால் சந்தையைச் சனிக்கிழமைக்கு வைத்துவிடுங்கள். மற்றதை வானிலை பார்த்து அன்றன்று முடிவு செய்யலாம்.

முதல் நாள் மாலை: பேராலயத்திலிருந்து பாலம் வரை

மதியம் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். பெட்டியை வைத்துவிட்டு சாவ் பென்டோ நிலையக் கூடத்துக்குள் போங்கள். இடிந்த ஒரு கன்னியர் மடத்தின் இடத்தில் 1916-இல் திறந்த நிலையம் இது. சுவர் முழுக்க ஏறக்குறைய 20,000 நீல வெள்ளை ஓடுகள். அசுலேஜு என்பார்கள். வரைந்தவர் ஜார்ஜ் கொலாசோ. 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுட்டாவைப் பிடித்த காட்சியைத் தேடிப் பாருங்கள். அந்தப் படையெடுப்புக்குக் கப்பல் திரட்டியது இந்த ஊர்தான். இருந்த இறைச்சியை எல்லாம் உப்பிட்டுக் கப்பலில் ஏற்றிவிட்டு, ஊர்க்காரர்கள் மிச்சமிருந்த குடலைச் சமைத்துத் தின்றார்களாம். அதனால்தான் போர்ட்டோகாரர்களுக்கு இன்றும் 'குடல் தின்னிகள்' என்று பட்டப்பெயர். அதைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை வேறு. வெள்ளை அவரையோடு சேர்த்த குடல் குழம்பு ஊரின் சின்னச் சாப்பாடு. நம் ஊரில் போட்டி, குடல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

நிலையத்திலிருந்து பேராலயத்துக்குச் சின்ன ஏற்றம். இன்றைய நாளின் ஒரே ஏற்றம் இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம், கோட்டை மாதிரித் தடித்த சுவர். முற்றத்தில் நின்றால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே ஆறு தெரியும்.

இங்கிருந்து இறக்கம். பாரேடோ பக்கமாகப் போகும் படிக்கட்டுச் சந்துகளில் எதில் வேண்டுமானாலும் இறங்கலாம், எல்லாம் ஆற்றில்தான் முடியும். ஆள் கை நீட்டினால் இரு சுவரையும் தொடும் அகலம். மேலே துணி காயும், ஒரு பாட்டி ஜன்னலிலிருந்து கீழ்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருப்பார், எங்கோ மீன் வறுபடும். வீடுகள் பல விடுதிகளாக மாறிவிட்டன. பாட்டிகள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். படம் எடுக்குமுன் ஒரு 'போவா டார்டே' (மாலை வணக்கம்) சொல்லுங்கள்.

கரைக்கு வந்ததும் எல்லோரும் உணவகங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சுவரில் பதித்திருக்கும் ஒரு வெண்கலப் பலகையைப் பாருங்கள். எப்போதும் முன்னால் மெழுகுவத்தி எரியும். 1809 மார்ச் 29 அன்று பிரெஞ்சுத் தளபதி சூல்ட்டின் படை ஊருக்குள் புகுந்தது. மக்கள் அலறிக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடினார்கள். அன்று இருந்தது படகுகளைக் கோத்துக் கட்டிய பாலம். பாரம் தாங்காமல் அது போனது, எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் விளக்கு அணையவில்லை. அம்மாவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

அப்புறம் இரும்புப் பாலம். டாம் லூயிஸ் பாலம் என்று பெயர். வடிவமைத்தது ஈஃபல் இல்லை, முன்பு அவருக்குக் கூட்டாளியாயிருந்த தியோஃபில் சேய்ரிக். 1886-இல் மேல்தளம் திறந்தது. 172 மீட்டர் வளைவு. கிழக்கே தள்ளித் தெரியும் மரியா பியா பாலம்தான் ஈஃபல் நிறுவனம் கட்டியது, 1877. அதிலும் சேய்ரிக்கின் கை உண்டு. டாம் லூயிஸ் பாலத்துக்கு இரண்டு தளம், கீழே சாலை, மேலே மெட்ரோ. இரண்டிலும் நடக்கலாம். இப்போது கீழ்த்தளத்தில் காயாவுக்குக் கடந்து போங்கள்.

காயா கரையில் மரப்பீப்பாய்களை ஏற்றி நிற்கும் தட்டை அடிப் படகுகள் ரபெலோக்கள். இன்று அவை அலங்காரம். ஒரு காலத்தில் மேல்நாட்டு மலைச்சரிவுகளிலிருந்து பாறையும் சுழலும் நிறைந்த ஆற்றில் மதுவை இறக்கி வந்தவை இவைதான். முதலில் ரயில் வந்தது, பிறகு லாரி வந்தது, ஆற்றின் குறுக்கே அணைகளும் வந்தன. படகுகளுக்கு வேலை போயிற்று.

இருட்டுவதற்கு முன் படகுத்துறை ஓரத்திலிருந்து கம்பி வண்டியில் ஏறினால் நேரே ஜார்டிம் டோ மொர்ரோ பூங்காவில் இறக்கிவிடும். புல்சரிவில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பாருங்கள். ஜூனில் ஒன்பது மணி தாண்டித்தான் மறையும், ஆனால் கம்பி வண்டி அதற்கு முன்பே நின்றுவிடலாம். முன்கூட்டியே ஏறிவிடுங்கள். வெளிச்சம் போனதும் மேல்தளம் வழியாக நடந்து திரும்பினால் பேராலயத்தின் அருகே வந்துவிடுவீர்கள். ஏற்றமே இல்லை! தண்டவாளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே தடுப்பு கிடையாது. மெட்ரோ மெல்ல வந்து மணியடிக்கும், செல்ஃபிக்காரர்கள் கவனம்.

இரண்டாம் நாள்: கோபுரத்திலிருந்து கடல் வரை

காலை பொல்யாவ் சந்தை. 1914-இல் கட்டிய இரண்டு அடுக்குக் கட்டடம், பல வருட மராமத்துக்குப் பின் 2022-இல் மறுபடி திறந்தது. பழம், ஆலிவ், தகரடப்பா மத்தி மீன், கருவாடு. பலகை பலகையாக அடுக்கிய உப்புக் காட் மீனைப் பார்த்தால் நம்மூர்க் கருவாட்டுக் கடை நினைவு வரும். பக்கல்யாவ் என்று பெயர், போர்ச்சுகீசியருக்கு அது இல்லாமல் பண்டிகை இல்லை. வெளியே வந்தால் தெருமுனையில் சுவரெல்லாம் நீல ஓடு வேய்ந்த அல்மாஸ் சிற்றாலயம். எல்லோரும் பழங்காலத்தது என்று நினைப்பார்கள். ஓடு பதித்தது 1929-இல்.

சந்தை வாசலில் நின்று ஒரு காப்பி குடியுங்கள். இந்த ஊரில் எஸ்பிரெஸ்ஸோவுக்கு 'சிம்பலினோ' என்று பெயர். சிம்பாலி என்ற காப்பி இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. வேறு ஊரில் இந்தச் சொல் அவ்வளவாகச் செல்லாது. குழாய் பீருக்கு லிஸ்பனில் ஒரு பெயர், இங்கே 'ஃபினோ'. இவ்வளவு தெரிந்தாலே கடைக்காரர் சிரிப்பார். ரொட்டி கேட்கும்போது இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு வசதி: பாண் என்று சொன்னால் ஏறக்குறைய அதே சொல்தான். கதிரை, சப்பாத்து எல்லாம் இந்த மொழியிலிருந்து போனவை. நமக்கும் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை. விடுதியில் அறைச் சாவி தொலைந்துபோய், மொழி தெரியாத அம்மா வரவேற்பறையில் "சாவி, சாவி" என்று கையை ஆட்டியதும் அந்தப் பெண் உடனே மாற்றுச்சாவி எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் சொல்வது 'ஷாவி'.

அங்கிருந்து மேற்குக் குன்றுக்கு ஏற வேண்டும். கால் வலித்தால் பேருந்தோ டாக்சியோ எடுத்து கிளெரிகோஸ் கோபுரத்தில் இறங்குங்கள். இத்தாலியிலிருந்து வந்த நிக்கோலாவ் நசோனி வடிவமைத்து 1763-இல் முடிந்தது, உயரம் சுமார் 75 மீட்டர். இருநூற்றுக்கு மேல் படி, மேலே போகப் போக ஒருவர்தான் நுழையலாம். ஊரைச் சுற்றிலும் பார்க்க வேறு இலவச இடங்கள் நிறைய இருப்பதால் நான் ஏறவில்லை.

லெல்லோ புத்தகக் கடை அருகில்தான். 1906-இல் கட்டியது, நடுவில் இரண்டாகப் பிரிந்து வளையும் சிவப்புப் படிக்கட்டு. நுழையவே கட்டணம், புத்தகம் வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஒரு புகழ்பெற்ற மாயப்பள்ளிக் கதை இந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான் பிறந்தது என்று வரிசையில் நிற்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கடைக்குள் தான் போனதே இல்லை என்று அதன் ஆசிரியரே 2020-இல் சொல்லிவிட்டார். வரிசை குறையவில்லை. காலையின் முதல் நேரம் கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் இழப்பில்லை. பக்கத்துத் தெருவில் கார்மோ ஆலயத்தின் ஓட்டுச் சுவரைப் பாருங்கள். அதற்கும் அடுத்த ஆலயத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு வீடு செருகியிருப்பது கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு விர்டூடெஸ் பூங்கா. படிப்படியாக இறங்கும் தோட்டம், அடியில் மிராகாயா என்னும் பழைய கரையோரக் குடியிருப்பு. இறங்கிக் கரையோடு கிழக்கே நடந்தால் சாவ் ஃபிரான்சிஸ்கோ ஆலயம். வெளியே சாம்பல் நிறக் கல், ஒன்றும் சொல்லாது. உள்ளே தூண், கூரை, பீடம் எல்லாமே மரச்செதுக்கல், அதன்மேல் பொன் பூச்சு. வணிகம் செழித்த நாளில் ஊர்ப் பணம் எங்கே போயிற்று என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். நிலவறையில் தரைக்குக் கீழே எலும்புக் குவியல், அதையும் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் பொல்சா மாளிகை வணிகர் சங்கத்துடையது. 1832-இல் ஊர் முற்றுகையிடப்பட்டபோது எரிந்துபோன மடத்தின் இடத்தில் எழுப்பியது. அங்குள்ள அரபு மண்டபத்தை முடிக்க மட்டும் 18 வருடம். வாணிப ஒப்பந்தத்துக்கு வந்தவர்களை அசத்துவதற்கென்றே கட்டியது, இன்றும் அசத்துகிறது.

பொல்சாவுக்குக் கீழே, கரையில், முதலாம் எண் டிராம் புறப்படும். பழைய மரப்பெட்டி வண்டி, ஆற்றை ஒட்டியே கடல்முகம் வரை போகும். கூட்டம் அதிகம், ஜேப்படித் திருடர்களும் உண்டு, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். வரிசை நீளம் என்றால் ஐந்நூறாம் எண் பேருந்து அதே கரையோரமாகத்தான் போகிறது. கடல்முகத்திலுள்ள ஃபோஸில் இறங்கி, கலங்கரை விளக்கு நிற்கும் அலைதாங்கிச் சுவர்வரை நடங்கள். அலை பெரிதாயிருக்கும் நாளில் சுவர்மேல் ஏற வேண்டாம், அது விளக்கையே மூடி அடிக்கும். கப்பல்களை விழுங்கிய அந்த வாய் இதுதான். குளிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆகஸ்டிலும் தண்ணீர் ஐஸ்.

சாப்பாடு

மீன் சாப்பிடுபவர்கள் மத்தோசின்யோஸுக்குப் போங்கள். நீல நிற மெட்ரோ கடைசி வரை போகும். தெருவோரக் கரி அடுப்பில் மீன் சுடுவார்கள், விலை எடைக் கணக்கு. தட்டுக்கு வருமுன் எடையைக் கேட்டுவிடுங்கள்.

ஃபிரான்செசின்யா என்ற ஒன்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ரொட்டிக்குள் பன்றி இறைச்சி, தொத்திறைச்சி, மாட்டிறைச்சி, மேலே உருகிய சீஸ், அதன்மேல் பீரும் தக்காளியும் சேர்த்த சூடான குழம்பு. ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டால் போதும், சாப்பிட்டபின் மேடு ஏறும் திட்டம் எதையும் வைக்காதீர்கள். சைவத்திலும் சில கடைகள் செய்கின்றன.

சைவம் மட்டும் என்றால் பட்டினி இல்லை, கவனம் வேண்டும். எல்லாக் கடையிலும் காய்கறி சூப் உண்டு, 'சோப்பா டே லெகூமெஸ்' என்று கேளுங்கள். புகழ்பெற்ற கீரை சூப்பான கால்டோ வேர்டேயில் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். 'செம் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் மீனை அவர்கள் இறைச்சியாகக் கணக்கிட மாட்டார்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கஸ்டர்டு அடை மாதிரி இருக்கும் பாஸ்டெல் டே நாட்டாவில் முட்டை மஞ்சள் கரு உண்டு.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் வந்து நிற்கும். அது இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். மதியம் 'ப்ராட்டோ டோ டியா', அதாவது அன்றைய சாப்பாடு, பலகையில் கையால் எழுதியிருக்கும் சிறுகடைக்குள் நுழையுங்கள். ரிபெய்ராவில் படம் போட்ட மெனுவோடு வாசலில் நின்று கூப்பிடும் கடைகளை விட்டு இரண்டு தெரு மேலே ஏறினாலே விலை இறங்கிவிடும்.

மூன்றாம் நாள்: நிலவறையா, மலைத்தொடரா

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஊரிலேயே இருப்பதென்றால் காயாவின் மது நிலவறைகள். சாண்டெமன், டெய்லர்ஸ், கிரஹாம்ஸ், காலெம், ஃபெரெய்ரா என்று வரிசையாக இருக்கின்றன. ஒன்று பார்த்தால் போதும், கதை எல்லா இடத்திலும் அதுதான். திராட்சை விளைவது நூறு கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில். அங்கே கோடை நெருப்பு, அதனால் பக்குவப்படுத்தக் கடல்காற்று படும் காயாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை மிச்சம் நிற்கும், போதையும் ஏறும். பழைய அளவுப்படி 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் சாராயம், மொத்தம் 550 லிட்டர். அந்த அளவு கொள்ளும் மரக்கலத்துக்குப் பெயர் 'பிப்பா'. நம் பீப்பாய் வந்த வழி அதுதான். 1756-இல் போர்ச்சுகலின் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு இந்தத் திராட்சை நிலத்துக்கு எல்லை வகுத்தார். இன்ன இடத்தில் விளைந்தால்தான் இன்ன பெயர் என்று சட்டம் போட்ட உலகின் முதல் மது நிலங்களில் ஒன்று.

குடிக்காதவர்களும் தயங்காமல் போகலாம். அம்மா கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினாள், "இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்று சொன்னதோடு சரி. ஆனால் வரிசையாக அடுக்கிய பீப்பாய்களின் இருட்டும் குளிர்ச்சியும் அவளுக்குப் பிடித்திருந்தது. மெட்ரோவில் ஜார்டிம் டோ மொர்ரோ போய், அங்கிருந்து இறங்கி நிலவறைக்குப் போங்கள். முடித்தபின் கரையில் ஆறு பாலங்களுக்கு அடியில் போகும் ஐம்பது நிமிடப் படகுச் சவாரி எடுக்கலாம். திரும்பும்போது கீழ்த்தளம் வழியாகப் போர்ட்டோ கரை, பாலத்தடியிலிருந்து கிண்டாய்ஸ் இழுவை ரயிலில் பதால்யாவுக்கு ஏற்றம்.

மலைத்தொடர் வேண்டுமென்றால் காலை ரயிலில் பின்யாவ். சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வண்டியின் வலப்பக்கம் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் சாதாரண வயலும் வீடும்தான், அதைப் பார்த்துச் சலித்துத் தூங்கிவிடாதீர்கள். பிறகு ஆறு சட்டென்று ஜன்னலுக்கு அடியில் வந்துவிடும், கடைசிவரை விடாது. இரு கரையிலும் வரிசை வரிசையாய்க் கல்லடுக்கிக் கட்டிய திராட்சைப் படிகள். பின்யாவ் நிலையத்திலும் ஓட்டுச் சித்திரங்கள். இவை அரசர்களைப் பற்றியவை அல்ல, திராட்சை பறிப்பவர்களும் படகுக்காரர்களும். திரும்பும் ரயில்கள் குறைவு, நேரத்தை இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்தபின் பெட்டியை விடுதியிலேயே வைத்துக்கொள்வார்கள், கேளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு மெட்ரோவில் ஏறினால் சரியாக இருக்கும். மெட்ரோ காலை ஆறு மணிக்குத்தான் தொடங்கும், அதிகாலை விமானம் என்றால் டாக்சிக்கு முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும். விமான நிலைய வண்டி நிற்கும் ட்ரிண்டாடே, சாவ் பென்டோவிலிருந்து நேரே கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், அகலமான அலியாடோஸ் சாலை, நடந்துவிடலாம் என்று தோன்றும். அந்தச் சாலையும் மேடு. இரண்டே நிறுத்தம், மெட்ரோவில் போங்கள்.